கோடை இன்டர்ன்ஷிப்: போர்ட்டலில் தேடுவதா, புரொபசரைப் பிடிப்பதா, கிண்டிக்கு நேரில் போவதா?

மார்ச் பிறந்தால் போதும், சென்னைக் கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் "மச்சி, எங்கயாவது இன்டர்ன்ஷிப் இருக்கா?" என்ற ஒரே கேள்வி சுற்றிச் சுற்றி வரும். பதிலுக்கு வந்து விழும் லிங்குகளில் பாதி பணம் கட்டச் சொல்லும், மீதிக்குக் கடைசித் தேதி முடிந்திருக்கும். நான் கிண்டியில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். கோடைக்கு இடம் கேட்டு மாணவர்கள் அனுப்பும் மெயில்களை முதலில் படிப்பது நான்தான். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததை வைத்து, வழக்கமான வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கிறேன். என் அளவுகோல் ஒன்றுதான்: அங்கே போனால் நீங்கள் செய்த வேலையை அடிக்கடி ஒரு ஆள் உட்கார்ந்து பார்த்து, "இது தப்பு, இப்படிச் செய்" என்று சொல்வாரா? ஸ்டைபெண்ட் (பயிற்சிக் காலத்தில் தரும் உதவித்தொகை), கம்பெனி பெயர், ஏசி ஆபீஸ் எல்லாம் அதற்கு அப்புறம்.

போர்ட்டல்களை எடுத்துக்கொள்வோம். இன்டர்ன்ஷாலா, லிங்க்ட்இன், அன்ஸ்டாப், தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇயின் இன்டர்ன்ஷிப் தளம் என்று வரிசையாக இருக்கின்றன. படுத்துக்கொண்டே ஒரு ராத்திரியில் முப்பது இடத்துக்கு விண்ணப்பம் போட்டுவிடலாம், அதுதான் அவற்றின் பலம், பலவீனமும் அதுதான். உங்களுக்கு அது எவ்வளவு சுலபமோ அதே அளவு சுலபம் புனேவிலும் பாட்னாவிலும் உட்கார்ந்திருக்கிற பையனுக்கும். வீட்டிலிருந்தே செய்யலாம் என்று போட்ட விளம்பரம் என்றால் கேட்கவே வேண்டாம், நாடே வரிசையில் நிற்கும். நாங்களும் அவ்வப்போது விளம்பரம் போடுவோம். வருகிற விண்ணப்பங்களில் பெரும்பாலானவற்றில் முதல் பத்தி ஒரே மாதிரி இருக்கும், சிலவற்றில் எங்களுக்குப் பதிலாக வேறு கம்பெனியின் பெயர் இருக்கும். டிசைன், கன்டென்ட், டிஜிட்டல் மார்க்கெட்டிங், வெப் டெவலப்மென்ட் படிப்பவர்களுக்குப் போர்ட்டல் ஓரளவு பலன் தரும். மெக்கானிக்கல், சிவில், கெமிக்கல் ஆட்கள் அதையே நம்பிக்கொண்டிருந்தால் மே மாதம் முடிந்துவிடும்.

இதன் எதிர்முனைதான் நேரடியாக மெயில் போடுவதும் நேரில் போய்க் கேட்பதும். பலருக்குக் கூச்சம். ஆனால் பத்து, இருபது பேர் வேலை செய்கிற இடத்தில் எச்ஆர் என்று தனியாக ஒருவர் இருக்க மாட்டார், உங்கள் மெயிலை முதலாளியோ டீம் லீடோதான் திறப்பார். எப்படிப்பட்ட மெயிலுக்குப் பதில் வரும் என்பதற்கு ஓர் உதாரணம். தாம்பரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் படிக்கும் பெண் எழுதியிருந்தார்: எங்கள் தளத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் ரசீதில் மாதமும் நாளும் இடம் மாறி வருகிறது என்று ஒரு ஸ்கிரீன்ஷாட், அது எதனால் இருக்கலாம் என்று இரண்டு வரி, மே கடைசியிலிருந்து ஆறு வாரம் வர முடியும் என்று ஒரு வரி, அவர் எழுதிய புரோகிராமுக்கு ஒரு லிங்க். "பேஷனேட்", "ஹார்ட் ஒர்க்கிங்" எதுவும் கிடையாது. அன்றைக்கே கூப்பிட்டுப் பேசிவிட்டோம். ரெஸ்யூமே இணைப்பைத் திறந்தது அதற்குப் பிறகுதான்.

நேரில் போவது என்றால் எங்கே? கிண்டி தொழிற்பேட்டை 1958இல் வந்தது, அம்பத்தூர் 1964இல். இரண்டிலும் இன்றைக்கும் தெருத் தெருவாக டூல் ரூம்களும் மெஷின் ஷாப்களும் எலக்ட்ரானிக்ஸ் பட்டறைகளும் இருக்கின்றன, ஆனால் பாதிக்கு ஒழுங்கான வெப்சைட் கிடையாது. போர்ட்டலில் தேடினால் இவை கண்ணிலேயே படாது. மெக்கானிக்கல், ஈஈஈ, மெக்கட்ரானிக்ஸ் ஆட்கள் கல்லூரி லெட்டர்ஹெட்டில் துறைத் தலைவர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட போனஃபைடு கடிதத்தோடு (இவர் எங்கள் மாணவர்தான் என்ற சான்று) காலை பதினோரு மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். வாசலில் செக்யூரிட்டி அண்ணன் நோட்டில் பெயர் எழுதச் சொல்வார், "யாரைப் பார்க்கணும்?" என்பார். அங்கே "எச்ஆர்" என்று சொன்னால் "ரெஸ்யூமே குடுத்துட்டுப் போங்க" என்று முடிந்துவிடும். "புரொடக்ஷன் மேனேஜர் சாரைப் பார்க்கணும், காலேஜ்ல இருந்து லெட்டர் கொண்டுவந்திருக்கேன்" என்று சொன்னால் உள்ளே போன் போடுவார். பெரும்பாலும் சம்பளம் இருக்காது, டீயும் மதியச் சாப்பாடும் கிடைக்கும். ஆனால் ஒரு சிஎன்சி மெஷின் (கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகம் வெட்டும் மெஷின்) பக்கத்தில் நாள் முழுக்க நின்று, கழிவான பாகம் ஏன் கழிவானது என்று ஆபரேட்டர் வாயால் கேட்டுக்கொள்வது வேறெங்கும் கிடைக்காது.

பி.காம் மாணவர்கள் இந்த வழியைக் கண்டுகொள்வதே இல்லை, அது எனக்குப் புரியவில்லை. தனிநபர் வருமான வரிக் கணக்குக்கு வழக்கமான கடைசித் தேதி ஜூலை 31. தி.நகரிலும் மயிலாப்பூரிலும் இருக்கிற ஆடிட்டர் அலுவலகங்கள் ஜூன், ஜூலையில் ஆள் பற்றாமல் திண்டாடும். மே மாதமே போய்ப் பேசி வைத்துக்கொண்டால் டேலி என்ற கணக்கு மென்பொருளில் பதிவு போடுவதிலிருந்து ஃபார்ம் 16 (சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்று) சரிபார்ப்பது வரை கையில் வேலை கிடைக்கும். மாதாமாதம் 20ஆம் தேதியை ஒட்டி மட்டும் போகாதீர்கள், ஜிஎஸ்டி ரிட்டர்ன் அவசரத்தில் உங்களை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

அடுத்து ஆராய்ச்சி நிறுவனங்கள். இந்த விஷயத்தில் சென்னை மாணவர் கொடுத்து வைத்தவர். அடையாறிலிருந்து தரமணி வரைக்குமான தூரத்தில் ஐஐடி, மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், கட்டமைப்புப் பொறியியலுக்கான எஸ்இஆர்சி, கணித அறிவியல் நிறுவனம் எல்லாம் இருக்கின்றன. பள்ளிக்கரணையில் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம், சிறுசேரியில் சென்னை கணிதவியல் கழகம், இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம். இங்கெல்லாம் சிக்கல் ஒன்றுதான், காலண்டர். பெங்களூர் அறிவியல் அகாடமி மற்ற இரண்டு தேசிய அகாடமிகளோடு சேர்ந்து நடத்தும் கோடை ஆராய்ச்சி ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பம் வழக்கமாக முந்தைய ஆண்டு நவம்பர் வாக்கிலேயே முடிந்துவிடும். சென்னை ஐஐடியின் கோடை ஃபெல்லோஷிப் ஐஐடி அல்லாத கல்லூரிகளின் மாணவர்களுக்கானது, பி.இ. மூன்றாம் ஆண்டு, எம்.எஸ்சி முதல் ஆண்டு மாதிரி கடைசி ஆண்டுக்கு முந்தைய ஆண்டில் இருக்க வேண்டும். அறிவிப்பு ஆண்டின் தொடக்க மாதங்களில் வந்துவிடும். மார்ச் கடைசியில் தூங்கி எழுந்தவர்களுக்கு இது இல்லை.

இந்தத் திட்டங்களில் இடம் கிடைக்கவில்லை என்றாலும் கதவு மூடிவிடாது. புரொபசருக்குத் தனியாக எழுதலாம். அவருடைய சமீபத்திய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, அதில் புரியாத ஓர் இடத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். "ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் வெரி மச் இன்ட்ரஸ்டட்" மெயில்கள் அவருக்குக் கூடை கூடையாக வரும். அப்புறம் ஒரு விஷயம், ஆய்வகத்தில் உங்கள் வேலையைப் பார்க்கப்போவது பெரும்பாலும் புரொபசர் இல்லை, அவரிடம் பி.எச்டி செய்யும் அண்ணனோ அக்காவோதான். ஆகவே சேருவதற்கு முன்னால் "யாரோடு வேலை செய்வேன்?" என்று கேட்டுக்கொள்வது நல்லது. என் அளவுகோலில் இந்த வழி போர்ட்டலைவிட மேலே நிற்கிறது, சின்னக் கம்பெனிக்குச் சமமாக நிற்கிறது. மேற்படிப்புக்குப் போகும் எண்ணம் இருந்தால் ஒரு படி மேலே.

மெக்கானிக்கல், சிவில் மாதிரி கோர் இன்ஜினியரிங் துறைகளில் இன்பிளான்ட் டிரெய்னிங் என்று ஒன்று ஓடுகிறது. பெரம்பூரில் 1955 முதல் ரயில் பெட்டி செய்து வரும் ஐசிஎஃப் மாதிரி பெரிய தொழிற்சாலைகளிலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் ஐந்து நாள், பத்து நாள், சில இடத்தில் கட்டணத்தோடு. இதை இன்டர்ன்ஷிப்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கேட்டில் செல்போனை வாங்கி வைத்துவிடுவார்கள், இருபது பேர் ஒருவர் பின்னால் ஒருவராக நடந்து போவீர்கள், சத்தத்தில் முன்னால் நிற்கும் நாலு பேருக்கு மட்டும்தான் விளக்கம் கேட்கும். பார்க்க வேண்டிய இடங்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் அங்கே ஒப்புக்குச் சப்பாணி, யாரும் உங்களிடம் வேலை எதிர்பார்க்கவில்லை. இரண்டாம் ஆண்டு முடிந்த விடுமுறைக்குச் சரி. மூன்றாம் ஆண்டு விடுமுறையை இதற்குக் கொடுத்தால் நேர்காணலில் "என்ன செய்தாய்?" என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

இனி காசு கட்டிச் சேரும் "இன்டர்ன்ஷிப்". வடபழனி, அசோக் நகர், தி.நகர் மாடிகளில் போர்டு தொங்கும். அங்கே நடப்பது கோர்ஸ். கோர்ஸ் என்று சொல்லி விற்றால் எனக்கு ஒரு குறையும் இல்லை, பைத்தான் கற்றுக்கொள்ளக் காசு கட்டுவதில் தப்பு என்ன இருக்கிறது? இன்டர்ன்ஷிப் சான்றிதழ் என்று கொடுக்கும்போதுதான் வயிறு எரிகிறது. அப்படி ஓர் இடத்தின் சான்றிதழோடு என்னிடம் வந்தவர்களில் வேறு வேறு கல்லூரிக்காரர்கள் ஒரே ப்ராஜெக்டை, ஒரே புரோகிராமை, கமென்டில் இருந்த எழுத்துப் பிழையோடு சேர்த்துக் காட்டினார்கள். இதன் ஆன்லைன் தம்பி ஒன்று உண்டு: விண்ணப்பித்த அன்றே ஆஃபர் லெட்டர் வரும், நேர்காணல் கிடையாது, லிங்க்ட்இன்னில் அவர்களை டேக் செய்து போஸ்ட் போட வேண்டும், கடைசியில் சான்றிதழுக்கு "பிராசசிங்" கட்டணம். சந்தேகம் வந்தால் கம்பெனியின் சிஐஎன் எனும் பதிவு எண்ணைக் கேளுங்கள். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் அது எப்போது பதிவானது, இப்போது இயங்குகிறதா என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். லேப்டாப்புக்கு முன்பணம் கட்டு என்று சொன்னால் அதைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை, பிளாக் செய்துவிடுங்கள்.

சிபாரிசு? கேட்க வெட்கப்படத் தேவையில்லை. சீனியர் ஒருவர் போன வருஷம் போன இடத்துக்கு உங்களை அனுப்புவதுதான் இருப்பதிலேயே நல்ல சிபாரிசு, ஏனென்றால் அங்கே வேலை கொடுக்கிறார்களா, மூலையில் உட்கார வைக்கிறார்களா என்று அவருக்குத் தெரியும். மாமாவின் நண்பர் ஒரு பெரிய ஐடி கம்பெனியில் வைஸ் பிரசிடென்ட் என்பது அடுத்த ரகம். சோழிங்கநல்லூரில் அடையாள அட்டை தொங்கும், கேன்டீன் நன்றாக இருக்கும், கிளையன்ட் டேட்டாவைத் தொட அனுமதி இருக்காது, அதனால் உருப்படியாக எதுவும் கொடுக்க மாட்டார்கள். ரெஸ்யூமேயில் பெயர் பளபளக்கும், உண்மைதான். வளாக வேலைவாய்ப்பில் அந்தப் பெயருக்கு ஒரு மதிப்பும் இருக்கிறது. அதை மட்டும் எடைபோட்டுப் போனால் ஏமாற்றம் இல்லை.

சட்ட மாணவர்களுக்குக் கணக்கு வேறு. பார் கவுன்சில் விதிப்படி ஐந்தாண்டுப் படிப்புக்கு மொத்தம் 20 வாரம், மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம் இன்டர்ன்ஷிப் கட்டாயம், ஓர் ஆண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. ஆகவே மே மாதத்தில் நான்கு வாரத்தை ஓரிடத்துக்குக் கொடுத்தால் போதும், ஆனால் அதில் ஒரு வினை: மே மாதம் உயர் நீதிமன்றத்துக்குக் கோடை விடுமுறை, விடுமுறைக்கால அமர்வுகள் மட்டும்தான் நடக்கும். தம்புச் செட்டித் தெரு, அரண்மனைக்காரன் தெரு சேம்பர்களில் அந்த மாதத்தில் வரைவு எழுதப் பழகலாம். வாதம் பார்க்க வேண்டும் என்றால் ஜூனில் போக வேண்டும். வரலாறு, தமிழ், சமூக அறிவியல் ஆட்கள் தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்துக்கும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும், முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவுக்கும் எழுதிக் கேட்டுப் பார்க்கலாம்.

பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டம் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 2024இல் அது வந்தபோது வைத்த விதிப்படி 12 மாதம், மாதம் 5,000 ரூபாய், வயது 21 முதல் 24, முழுநேரப் படிப்பில் இருப்பவர்களுக்கு இல்லை. அதாவது இரண்டு மாத விடுமுறைக்கான ஏற்பாடே அல்ல. தரமணி தொழில் பழகுநர் வாரியத்தின் அப்ரென்டிஸ் பயிற்சியும் பெரும்பாலும் பட்டமோ டிப்ளமோவோ முடித்தவர்களுக்குத்தான்.

தேதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கலை அறிவியல் கல்லூரிகளுக்கு விடுமுறை ஓரளவு தெளிவாக வரும். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் தேர்வின் பெயரே ஏப்ரல்/மே தேர்வு, அது எங்கே போய் முடியும் என்று அட்டவணை வரும் வரை யாராலும் சொல்ல முடியாது. சின்னக் கம்பெனியிடம் "சார், 28ஆம் தேதி பேப்பர் முடியுது, மறுநாள் வர்றேன்" என்று பேசிக்கொள்ளலாம். பெரிய கம்பெனியின் பேட்ச் மே முதல் திங்கள் தொடங்கிவிட்டால் தொடங்கியதுதான்.

அப்புறம் தூரம். ஸ்டைபெண்ட் இல்லாத இடத்துக்கு ஆவடியிலிருந்து சிறுசேரி போய் வருவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மெட்ரோ வேலை நடக்கிற ஓ.எம்.ஆரில் மாலை ஆறு மணிக்கு நின்று பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். வடக்கிலும் மேற்கிலும் இருப்பவர்கள் முதலில் அம்பத்தூர், கிண்டி பக்கம் தேடுங்கள், இரண்டுக்கும் மின்சார ரயில் இருக்கிறது. தரமணி என்றால் பறக்கும் ரயில். பஸ்தான் கதி என்றால் எம்டிசியின் 1,000 ரூபாய் மாதப் பாஸை (ஏசி பஸ்ஸில் செல்லாது) எடுத்துக்கொண்டு, ஸ்டைபெண்ட் தர முடியாது என்று சொல்லும் முதலாளியிடம் அந்தப் பாஸ் காசையாவது கேட்டுப் பாருங்கள். நாங்கள் கொடுக்கிறோம், கேட்டால் கொடுக்கிற இடங்கள் இன்னும் இருக்கின்றன.