பிட்லாக்கர்: விண்டோஸிலேயே உள்ள பூட்டு எந்த அளவுக்குக் காக்கிறது?

விண்டோஸ் கணினியில் சொந்தக் கோப்புகளைக் காக்க விலை கொடுத்துத் தனி மென்பொருள் வாங்கத் தேவையில்லை என்று துணிந்து பரிந்துரைக்கும் அளவுக்குப் பிட்லாக்கர் முதிர்ந்துவிட்டது. 2007-இல் விஸ்டாவுடன் பொதுப் பயனர்களுக்கு வந்த இவ்வசதி, வன்தட்டுப் பிரிவு முழுவதையும் ஏஇஎஸ் (AES) என்ற தரப்படுத்தப்பட்ட முறையில் குறியாக்கம் செய்கிறது, அதாவது விசை இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவிடுகிறது. மடிக்கணினியைத் திருடியவர் வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்தினாலும் அதிலுள்ள எதையும் படிக்க முடியாது. உள்நுழைவுக் கடவுச்சொல் மட்டுமே இந்தப் பாதுகாப்பைத் தந்துவிடும் என்று பலர் நம்பியிருப்பது கவலைக்குரியது. அதே வேளையில், உள்நுழைந்த பின் கோப்புகள் வழக்கம்போலத் திறந்தே இருக்கும் என்பதால், கோப்புகளை முடக்கிப் பணம் கேட்கும் பணயத் தீம்பொருளை (ransomware) இது தடுக்காது.

குறியாக்க விசையை டிபிஎம் (TPM) என்ற, கணினியிலுள்ள பாதுகாப்புச் சில்லு காத்துவைத்து, துவக்க நிரல்கள் மாறாதிருந்தால் மட்டுமே விடுவிக்கிறது. ஆகவே அன்றாடம் நாம் கூடுதலாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் சில கணினிகளில் தனிச் சில்லாக உள்ள டிபிஎம்மிலிருந்து செல்லும் மின்குறிகைகளை ஒட்டுக்கேட்டு விசையை எடுக்க முடியும் என்று ஆய்வாளர்கள் செய்தே காட்டியிருக்கிறார்கள். கணினி துவங்கும்போதே பின் (PIN) என்ற இரகசிய எண்ணைக் கேட்கும்படி அமைப்பது இதற்குத் தீர்வு. அந்த அமைப்பைக் குரூப் பாலிசி என்ற, நிர்வாகிகளுக்கான அமைப்புப் பகுதிக்குள் ஒளித்து வைத்திருப்பது பெருங்குறை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது 48 இலக்க மீட்பு விசை. தாய்ப்பலகையை மாற்றினாலோ, சில வேளைகளில் கணினியைத் துவக்கும் அடிப்படை நிரலான பயாஸைப் புதுப்பித்தாலோகூட நீலத்திரையில் கணினி இதைக் கேட்கும். கைவசம் இல்லையென்றால் மைக்ரோசாஃப்டாலும் கோப்புகளை மீட்டுத் தர இயலாது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், தகுதியுள்ள கணினிகளில் குறியாக்கம் தானாகவே தொடங்கி, மீட்பு விசை அந்தக் கணக்கில் சேமிக்கப்படுகிறது. நல்ல ஏற்பாடுதான், எனினும் பயனரிடம் இதைத் தெளிவாகச் சொல்லி, விசையை அச்சிட்டுக்கொள்ளும்படி வற்புறுத்தியிருக்க வேண்டும். அச்சிட்ட தாளை மடிக்கணினிப் பையிலேயே வைக்காமல் வீட்டில் பத்திரப்படுத்துவது நலம்.

விண்டோஸ் 2000 காலத்திலிருந்து தொடரும் ஈஎஃப்எஸ், தனித்தனிக் கோப்புறைகளைக் குறியாக்கம் செய்யப் பயன்படுகிறது. அதன் விசையைக் கொண்ட சான்றிதழ்க் கோப்பைப் பிரதி எடுத்து வைக்காமல் விண்டோஸை மறுபடி நிறுவினால் கோப்புகள் நிரந்தரமாகப் பறிபோகும் என்பதால், வீட்டுப் பயனர்களுக்கு அதை நான் பரிந்துரைக்கவில்லை.

முழுமையான பிட்லாக்கர் ப்ரோ முதலிய உயர் பதிப்புகளுக்கு மட்டுமே என்பது எனக்கு உடன்பாடில்லாத முடிவு. ஹோம் பதிப்பில் 'சாதனக் குறியாக்கம்' என்ற எளிய வடிவமே கிடைக்கிறது. மற்றவர் பூட்டிய பென் டிரைவை அதில் திறக்கலாம், புதிதாக ஒன்றைப் பூட்ட இயலாது. அதற்கு ஹோம் பயனர்கள் இலவச மென்பொருளான வெராகிரிப்ட்டையே நாட வேண்டியிருக்கிறது.