16 இன்ச் பேரலா, 14.5 பின்-வெல்டா, பதிவு செய்த எஸ்.பி.ஆரா?

அமெரிக்காவில் ஏ.ஆர்-15 ரைஃபிளின் பாகங்களை வாங்கிச் சொந்தமாகக் கோர்ப்பவர்கள் ஸ்டாக்கையும் (தோளில் ஊன்றும் கட்டை) ஸ்கோப்பையும் பார்க்கும் முன் பேரல் (குண்டு பாயும் குழல்) நீளத்தை முடிவு செய்துவிட வேண்டும். மற்ற பாகங்களை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பேரல் நீளத்தில் பிழை நேர்ந்தால் அது குற்றமாகிவிடும். 1934-இல் வந்த தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி ரைஃபிளின் பேரல் 16 இன்ச்சுக்கும், மொத்த நீளம் 26 இன்ச்சுக்கும் குறையக் கூடாது. முதலில் பேரலுக்கு 18 இன்ச் என்றிருந்த வரம்பு 1960-இல் எல்லா ரைஃபிள்களுக்கும் 16 ஆனது. அதற்குக் குறைந்தால் அது ‘ஷார்ட் பேரல் ரைஃபிள்’, சுருக்கமாக எஸ்.பி.ஆர். பதிவு இல்லாமல் வைத்திருந்தால் 10 ஆண்டு வரை சிறை. ஸ்டாக் மாட்டிய ஏ.ஆர்-15-க்கு 26 இன்ச் ஒரு பிரச்சினையே அல்ல. சிக்கல் எல்லாம் அந்த 16-இல்தான்.

சட்டத்துக்கு உட்பட்ட வழிகள் மூன்று. சாதாரண 16 இன்ச் பேரலை மாட்டலாம். 14.5 இன்ச் பேரலின் முனையில் ஒரு மசில் டிவைஸை (குழல் வாயில் திருகி மாட்டும் உலோகத் துண்டு) நிரந்தரமாகப் பிணைத்து 16-ஐத் தாண்டச் செய்யலாம். அல்லது எஸ்.பி.ஆராகவே பதிவு செய்யலாம். நான் தேர்ந்தது முதலாவது, அதுவும் மிட்-லெங்த் கேஸ் சிஸ்டத்தோடு (வெடிவாயுவைப் பேரலிலிருந்து எடுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் அமைப்பில் நடுத்தர நீள வகை). அதற்குக் காரணம் பராமரிப்பு.

அதற்கு முன் அளக்கும் முறை. வெளியே டேப் வைத்து ரிசீவர் (பேரல் பொருந்தும் துப்பாக்கி உடல்) முகப்பிலிருந்து முனை வரை அளப்பது தவறு, ஏனென்றால் கணக்கு, தோட்டா அமரும் சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்டின் முகத்திலிருந்து தொடங்குகிறது. மேகசினைக் கழற்றி, சேம்பர் காலியாக இருக்கிறதா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகு போல்டை மூடுங்கள். நுனி தட்டையாக வெட்டப்பட்ட நேரான மரக்குச்சியை முனை வழியாக உள்ளே விட்டு, போல்ட் முகத்தில் முட்டும் இடத்தில் நிறுத்துங்கள். பேரல் முடியும் இடத்தில் கோடு போட்டு, குச்சியை வெளியே எடுத்து அளக்க வேண்டும். மசில் டிவைஸ் நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டிருந்தால் மட்டுமே அதன் நுனி வரை கணக்கில் வரும். திருகிக் கழற்ற முடிகிற எதுவும் நீளத்தில் சேராது. த்ரெட் லாக்கர் பசை எவ்வளவு கெட்டியாகப் பிடித்தாலும் நிரந்தரம் ஆகாது.

எது நிரந்தரம் என்பதை, துப்பாக்கிச் சட்டங்களை அமலாக்கும் மத்திய அமைப்பான ஏ.டி.எஃப். வரையறுத்திருக்கிறது. சுற்றிலும் முழுமையாக வெல்டிங் செய்ய வேண்டும். அல்லது 1100 டிகிரி ஃபாரன்ஹீட்டில் உருகும் வெள்ளிப் பற்றாசு வைக்க வேண்டும். அல்லது குருட்டுத் துளையில் (மறுபக்கம் திறக்காத துளை) பின் இறக்கி, அதன் தலையை வெல்டிங்கால் மூட வேண்டும். வழக்கத்தில் இருப்பது மூன்றாவது. ‘பின் அண்ட் வெல்ட்’ என்று சொல்வது அதைத்தான்.

பலர் தடுக்கி விழும் கணக்கு ஒன்று. ராணுவ எம்4-இல் உள்ள அதே 14.5 பேரலை வாங்கி, சாதாரண ஏ2 ஃப்ளாஷ் ஹைடரை (சுடும்போது வரும் தீச்சுடரைக் குறைக்கும் மசில் டிவைஸ்) பின் வெல்ட் செய்தால் போதும் என்று நினைக்கிறார்கள். அது சுமார் 1.75 இன்ச் நீளம், அதில் 0.6 இன்ச் அளவு மரைக்குள் போய்விடும். மிஞ்சுவது ஏறக்குறைய 1.1. ஆக மொத்தம் 15.6 இன்ச்தான், சட்டத்துக்குக் குறைவு. முனைக்கு வெளியே 1.5 இன்ச்சுக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கும் நீள வகை டிவைஸ்தான் வேண்டும். 13.9, 13.7 பேரல்களுக்கு இன்னும் நீளமானது. எப்படிக் கூட்டினாலும் 16.0-இல் நிறுத்தாமல் 16.1-க்குக் குறையாமல் வைப்பதுதான் நல்லது. இது 16 இன்ச் பேரலுக்கும் பொருந்தும். முனை அடிபட்டு கிரவுனை (குழல் வாயின் விளிம்பு) புதிதாக வெட்ட நேர்ந்தால், மிச்சம் இல்லாத பேரல் அந்த ஒரே வெட்டில் வரம்புக்குக் கீழே போய்விடும்.

இப்போது பராமரிப்பு. பின் வெல்ட் செய்த மறுநிமிடம் பேரலின் முன்வாசல் மூடிவிடுகிறது. பேரலை ரிசீவரோடு இறுக்கும் பேரல் நட்டும், பேரலிலிருந்து வாயுவை எடுக்கும் கேஸ் பிளாக்கும் பேரலின் முனை வழியாகத்தான் வெளியே வர முடியும். வழக்கமான கேஸ் பிளாக்கின் உள்விட்டம் 0.750 இன்ச். மசில் டிவைஸ்கள் அதைவிடப் பருமன். எனவே கேஸ் பிளாக் பேரலிலேயே சிறைப்படுகிறது, அதற்குப் பின்னால் இருக்கும் பேரல் நட்டும்தான். இன்றைய ஃப்ரீ-ஃப்ளோட் ஹேண்ட்கார்ட்களில் (பேரலைத் தொடாமல் அதைச் சுற்றி நிற்கும் கைப்பிடி உறை) பெரும்பாலானவை தமக்கே உரிய பேரல் நட்டோடு வருபவை. இரண்டு வருடம் கழித்து வேறு ஹேண்ட்கார்ட் வேண்டும் என்றால் பழைய நட்டைக் கழற்ற வேண்டும், அது வராது. கேஸ் பிளாக் தளர்ந்து புகை கசிந்தாலும், சரிசெய்யக்கூடிய கேஸ் பிளாக்குக்கு மாற ஆசைப்பட்டாலும் இதே கதை. ஹேண்ட்கார்டின் உள்விட்டம் போதாமல் டிவைஸில் இடித்தால் ஹேண்ட்கார்டையே வெளியே எடுக்க முடியாது; கேஸ் ட்யூபை மாற்றுவதுகூடத் தலைவலி.

அவிழ்க்க ஒரே வழி, வெல்டிங்கை அரைத்துப் பின்னைத் துளையிட்டு எடுப்பது. டிவைஸ் பெரும்பாலும் பாழாகும், சில சமயம் மரையும் சேதமாகும். சட்டச் சிக்கலும் உண்டு: பின்னை எடுத்த அந்தக் கணமே அது 14.5 இன்ச் பேரல். ரைஃபிள் லோயரோடு (ட்ரிகர் இருக்கும் கீழ்ப்பாதி) இணைந்திருந்தால் பதிவில்லாத எஸ்.பி.ஆர். அப்பரை (பேரல் இருக்கும் மேல்பாதி) தனியாகக் கழற்றி, உரிமம் உள்ள கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) அதை மட்டும் கொடுப்பதே முறை.

வெல்டிங் வேலையையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பின் இறங்க வேண்டிய இடம் அரை இன்ச் விட்டமுள்ள மரைப் பகுதி; நடுவில் 0.224 இன்ச் துளை ஓடுகிறது. மரையின் ஆழத்தையும் கழித்தால் மிஞ்சும் சுவர் மிக மெல்லியது. துளை ஆழமாகப் போனால் பேரல் குப்பை. ஆழம் போதாமல் பின் மரையைக் கவ்வாவிட்டால் டிவைஸ் சுழன்று வந்துவிடும், நிரந்தரமும் ஆகாது. இதைச் செய்து பழகிய கையிடம்தான் கொடுக்க வேண்டும்.

இத்தனைக்கும் கிடைக்கும் லாபம் எவ்வளவு? 16 பேரலில் ஏ2 மாட்டினால் 17.1 இன்ச் அளவு வரும். பின் வெல்ட் செய்த 14.5 ஏறக்குறைய 16.1. ஒரே ஒரு இன்ச்! டிவைஸின் மேல் கவிழ்ந்து மாட்டும் சப்ரசர் (சுடும் சத்தத்தைக் குறைக்கும் குழாய்) வைத்திருப்பவருக்கு மட்டும் முழு 1.5 இன்ச்சும் மிச்சமாகும். அவருக்கு இது நியாயமான தேர்வு. ஆனால் அந்த சப்ரசரின் மவுண்ட் எதுவோ, அதிலேயே அந்தப் பேரல் கடைசி வரை கட்டுண்டு கிடக்கும்.

குண்டின் வேகம் பெரிய விஷயமல்ல. 5.56 தோட்டாவில் பேரல் ஒரு இன்ச் குறைந்தால் வேகம் விநாடிக்கு 25 முதல் 50 அடி வரை குறையும். கேஸ் சிஸ்டத்தைத்தான் கவனிக்க வேண்டும். 16 பேரலில், கேஸ் துளை சேம்பருக்கு இன்னும் அருகில் இருக்கும் கார்பைன் நீளம் வேண்டாம். கேஸ் துளையைத் தாண்டியும் குண்டு 8 இன்ச்சுக்கு மேல் பயணிப்பதால் அழுத்தம் அதிக நேரம் நின்று போல்டை வேகமாக உதைக்கும். மிட்-லெங்த்தில் அது 6 இன்ச் அளவுக்கு இறங்கிவிடும். உதைப்பும் தேய்மானமும் குறையும்.

எஸ்.பி.ஆர். வழியில் எனக்குக் கைப்பழக்கம் குறைவு, ஆகவே விதிகளோடு நிறுத்திக்கொள்கிறேன். 10.3, 11.5 இன்ச் என்று உண்மையிலேயே குட்டையாக வேண்டுமென்றால் இதுதான் வழி. ஏ.டி.எஃப்.-க்கு ஃபாரம் 1 விண்ணப்பம் அனுப்பி, ஒப்புதல் கைக்கு வந்த பிறகே கோர்க்க வேண்டும். கைரேகை, புகைப்படம், உள்ளூர்க் காவல் தலைமைக்குத் தகவல், ரிசீவரில் செய்தவரின் பெயர், ஊர், மாநிலம் பொறித்தல் எல்லாம் உண்டு. 200 டாலர் வரி 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யமாகிவிட்டது. பதிவு அப்படியே இருக்கிறது. மாநில எல்லை தாண்டும் முன் தனி அனுமதி வாங்க வேண்டும். கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சியில் சாதாரணக் குடிமக்களுக்கு இந்தக் கதவே கிடையாது. ஒப்புதலுக்குக் காத்திருக்கும்போது, வேறு எதிலும் பொருத்த முடியாத குட்டை அப்பரை ரைஃபிள் லோயருக்குப் பக்கத்தில் வாங்கி வைப்பதும் ஆபத்து. கோர்க்காவிட்டாலும் வைத்திருந்ததாகவே கருத இடமிருக்கிறது.

விற்கும்போதும் இதே வரிசைதான். 16 பேரலை வாங்குபவர் தன் விருப்பப்படி எதையும் மாற்றிக்கொள்ளலாம். பின் வெல்ட் செய்ததை அதே ஹேண்ட்கார்டும் அதே டிவைஸும் பிடித்தவர் மட்டுமே வாங்குவார். எஸ்.பி.ஆரை அப்படியே கைமாற்ற வாங்குபவருக்கும் ஒப்புதல் வர வேண்டும். அதில் 16 இன்ச் அப்பரை மாட்டிவிட்டால் சாதாரண ரைஃபிளாக விற்கலாம், பொறித்த பெயர் மட்டும் ரிசீவரில் இருக்கும்.

இதையெல்லாம் மீறி 14.5-தான் வேண்டும் என்பவர் வெல்டிங்கைக் கடைசி வேலையாக வைக்க வேண்டும். முதலில் டிவைஸைக் கையால் திருகி, குச்சி விட்டு 16.1 வருகிறதா என்று தனி அப்பரில் அளந்து பாருங்கள். பிறகு கடைசி வரை வைத்துக்கொள்ளப் போகிற ஹேண்ட்கார்டையும் கேஸ் பிளாக்கையும் மாட்டுங்கள். ஹேண்ட்கார்ட் டிவைஸின் மேல் வழுக்கிப் போகிறதா என்று சோதியுங்கள். லோயரை வீட்டிலேயே விட்டுவிட்டு, அப்பரை மட்டும் கன்ஸ்மித்திடம் எடுத்துச் செல்லுங்கள்.