வெள்ள இழப்பீட்டு வரலாறு: ஃபெமாவா, க்ளூவா?

அமெரிக்காவில் பழைய வீடு வாங்குகிறீர்களா? முன்பு வெள்ளத்துக்கு இழப்பீடு வாங்கியிருக்கிறார்களா என்று பார்க்க இரண்டு வழிகள் உண்டு: அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபெமாவின் பதிவு, வீட்டுக் காப்பீட்டு இழப்பீட்டுக் கோரிக்கைகளின் பதிவான க்ளூ.

யார் கேட்கலாம்: இரண்டிலும் உரிமையாளர்தான். 1974 அந்தரங்கச் சட்டத்தால் ஃபெமா வாங்குபவருக்குத் தராது. விற்பவரிடமே கேளுங்கள், தயங்க வேண்டாம்.

ஃபெமா: 1968-இல் தொடங்கிய தேசிய வெள்ளக் காப்பீட்டில் அந்த வீட்டுக்குக் கிடைத்த இழப்பீடுகள்.
க்ளூ: லெக்சிஸ்நெக்சிஸ் என்ற தரவு நிறுவனம் திரட்டும், தனியார் காப்பீட்டாளர்களிடம் வந்த கோரிக்கைகள், அதிகபட்சம் 7 ஆண்டுகளுக்கு. உரிமையாளருக்கு ஆண்டுக்கு ஒருமுறை இலவசம்.

சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்தை ஏற்பதில்லை. அதனால் க்ளூ சுத்தமாக இருந்தாலும் வீடு மூழ்கவில்லை என்று நம்பிவிடாதீர்கள். பலர் ஏமாறுவது இங்கேதான்.

ஆற்றங்கரை, கடற்கரை வீடு என்றால் ஃபெமா பதிவைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தீ, திருட்டு, குழாய் உடைப்பு பற்றித் தெரிய க்ளூ போதும்.