விதைக் கிழங்கு மூட்டை: முளை அருமை, அளவு மோசம்

வீட்டுக் கிழங்கையே விதைக்கு எடுத்துவைப்பது எங்கள் குடும்ப வழக்கம். ஆனால் நாலைந்து வருஷமாக உருளைச் செடியின் இலை மேல்நோக்கிச் சுருண்டு, கிழங்கும் சிறுத்துக்கொண்டே வந்தது. அசுவினிப் பூச்சி கொண்டுவரும் வைரஸ் விதைக் கிழங்கிலேயே தங்கி அடுத்த பயிருக்கும் போகும். தொழு உரம் எவ்வளவு கொட்டினாலும் தீராது. அப்பாவிடம் வாதாடி, இந்த முறை சான்று பெற்ற விதை 50 கிலோ மூட்டை ஒன்று வாங்கினேன்.

பிரித்துக் கொட்டியதுமே ஏமாற்றம். கோழிமுட்டை அளவில் இருந்தால் முழுதாக நட்டுவிடலாம். இதிலோ எலுமிச்சை அளவும் உண்டு, கைக்கு அடங்காததும் உண்டு. அடியில் 3 கிலோ அழுகிக் கொழகொழவென்று கிடந்தது. அந்த நாற்றம் இரண்டு நாள் கையை விட்டுப் போகவில்லை.

பெரியவற்றைத் துண்டுக்கு இரண்டு முளைக்கண்ணாவது இருக்கும்படி வெட்டினோம். வெட்டிய பக்கத்தை அப்பா சாம்பலில் தொட்டு, காய வைத்தார். மற்றதை வெயில் நேராகப் படாத வெளிச்சத்தில் பரப்பினேன். முளையைக் குறை சொல்லவே முடியாது. இருட்டில் நீளும் வெள்ளை வால் மாதிரி இல்லாமல், குட்டையாக, தடித்து, ஊதா கலந்த பச்சையில் வந்தது. கூடையில் அள்ளிப் போட்டாலும் ஒடியவில்லை.

ஆனால் எல்லாம் ஒன்றாக முளைக்கவில்லை. வெவ்வேறு அறுவடையைக் கலந்து கட்டியிருப்பார்கள் என்று சந்தேகம். அதன் வினை செடியடியில் மண் அணைக்கும்போது தெரிந்தது. ஒரே பாரில், அதாவது ஒரே மண்மேட்டு வரிசையில், ஒரு செடி முழங்கால் உயரம், பக்கத்துச் செடி அப்போதுதான் மண்ணைப் பிளக்கிறது. அணைத்தால் சின்னது மூடிப்போகும். காத்திருந்தால் பெரிய செடியின் கிழங்கு வெளியே தலைகாட்டிப் பச்சையாகிவிடும், அப்புறம் சாப்பிட ஆகாது. அப்படி ஒரு கூடை வீணானது.

மேலே உள்ள தண்டையும் இலையையும் அறுத்துவிட்டு, கிழங்கின் தோல் கெட்டிப்பட 2 வாரம் விட்டுத் தோண்டினோம். வாங்கிய விதையில் செடிக்கு எட்டு, ஒன்பது கிழங்கு. பக்கத்துப் பாரில் வீட்டு விதைக்கு நாலைந்துதான், அதிலும் பாதி கோலிக்குண்டு. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கிழங்கைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்; தோல் உரியவில்லை. சாக்கில் போட்டுவிட்டு அடுத்த செடிக்குப் போனார்.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். அழுகலைச் சொன்னபோது, "பிரித்த மூட்டைக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்றார் விற்றவர். சரி, அடுத்த முறையும் வாங்குவேன். அவர் முன்னாலேயே கொட்டிப் பார்த்துவிட்டு.