காரைக்குடியில் வாடகை வீடு: ஒரு தரகரின் சேவை பற்றி

காரைக்குடியில் கட்டுப்படியாகும் வாடகைக்கு வீடு தேடுபவர்களுக்குப் பயன்படும் என்பதால், கழனிவாசல் பக்கம் தொழில் செய்யும் ஒரு வீட்டுத் தரகரின் சேவையைப் பற்றி எழுதுகிறேன். அவரிடம் அனுமதி கேட்கவில்லை என்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை. அவர் வாங்கிய கமிஷன் தகும். ஒரு விஷயத்தில் மட்டும் அவருடைய அக்கறை போதாது.

எங்களுக்கு வேண்டியது 8,000 ரூபாய்க்குள் ஒரு படுக்கையறை வீடு. அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் அது தரைத்தளமாகவும் இருக்க வேண்டும். அழகப்பா பல்கலைக்கழகமும் கல்லூரிகளும் சிக்ரி என்னும் மத்திய மின்வேதியியல் ஆய்வகமும் இருக்கும் கல்லூரிச் சாலையை ஒட்டி இந்த வாடகைக்கு வீடு காலியானால் மாணவர்களே சேர்ந்து பிடித்துவிடுகிறார்கள். கைபேசிச் செயலிகளில் பார்த்த வீடுகளோ, விசாரித்தபோது முன்பே ஆள் வந்துவிட்டவையாக இருந்தன.

இந்தத் தரகர் முதலில் வாடகையைப் பேசுவதில்லை. சுப்பிரமணியபுரத்தில் ஒரு வீட்டைக் காட்டியபோது, சமையலறைக் குழாயைத் திறந்து டம்ளரில் பிடித்து, "ஆச்சி, ஒரு வாய் குடிச்சுப் பாருங்க, அப்புறம் வாடகையைப் பேசுவோம்" என்று அம்மாவிடம் நீட்டினார். தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. சம்பை ஊற்றுத் தண்ணீருக்குப் பெயர் பெற்ற ஊரில் இருந்துகொண்டு கேன் தண்ணீர் வாங்கிக் காலம் தள்ள வேண்டிய வீடு அது. வாடகை என்னவோ 6,500தான். கேன் செலவையும் உப்புப் படிந்து குழாய் மாற்றும் செலவையும் கூட்டினால் அது மலிவான வீடு அல்ல என்பதை அவரே கணக்குப் போட்டுச் சொன்னார். கமிஷன் கைநழுவும் என்று தெரிந்தும் ஒருவர் இப்படிப் பேசுவது பெரிய விஷயம்.

மின்சாரத்திலும் அவருக்கு இதே கண்டிப்பு உண்டு. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். வாடகைக்கு இருப்பவருக்குத் தனி இணைப்பு இருந்தால்தான் அந்தச் சலுகை முழுதாகக் கிடைக்கும். வீட்டுக்காரரின் இணைப்பிலிருந்து சப் மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவரே வசூலிக்கும் இடங்களில் கோடைக்காலத்தில் கை கடிக்கும். எனவே ஒவ்வொரு வீட்டிலும் மீட்டர் பெட்டியைக் காட்டிய பிறகே அவர் அறைகளைக் காட்டினார்.

செக்காலைப் பகுதியில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் பின்கட்டையும், அதாவது பின்பகுதியையும் பார்த்தோம். ஆத்தங்குடித் தளமும் முற்றத்து வெளிச்சமும் அம்மாவை மயக்கிவிட்டன. எனக்கும் மனம் அங்கேயே நின்றது. ஆனால் இத்தகைய வீடுகளில் பங்காளிகள் பலருக்கு உரிமை இருக்கும். ஒருவர் வாடகைக்கு விட, இன்னொருவர் ஆட்சேபித்தால் நாம்தான் நடுவில் மாட்டிக்கொள்வோம். கல்யாணம், அறுபதாம் கல்யாணம் என்று குடும்பம் கூடும்போது வளவு எனப்படும் முற்றத்தைச் சுற்றிய பகுதியையும் பின்கட்டையும் ஒழித்துத் தர வேண்டியும் வரலாம். மற்றப் பங்காளிகளின் சம்மதம் எழுத்தில் இருக்கிறதா என்று தரகர் கேட்டார். வாடகைக்கு விட வந்தவரிடம் பதில் இல்லை. அத்துடன் அதை விட்டுவிட்டோம்.

கடைசியில் முத்துப்பட்டணத்தில் 7,500 ரூபாய்க்கு, நல்ல தண்ணீரும் தனி மீட்டரும் உள்ள தரைத்தள வீடு அமைந்தது. பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்ட வீட்டுக்காரரிடம் பேசி ஐந்து மாதமாகக் குறைத்ததும் தரகர்தான். அரை மாத வாடகையைத்தான் கமிஷனாக வாங்கினார். வீடு காட்டுவதற்கென்று தனியாக எதுவும் வாங்கவில்லை.

குறை ஒப்பந்தத்தில்தான். "நம்ம ஊர்ல எல்லாம் வாய்ப்பேச்சுதான் அண்ணே" என்று அவர் அதைத் தட்டிக்கழித்தார். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. காலி செய்யும்போது வெள்ளையடித்த செலவு, குழாய்ச் செலவு என்று அட்வான்ஸில் கழிப்பதுதான் வாடகைக்கு இருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் மனக்குறை. எதைக் கழிக்கலாம் என்பது எழுத்தில் இல்லாவிட்டால் வாய்ப்பேச்சு நமக்கு உதவாது. நான் வற்புறுத்திய பிறகே வீட்டுக்காரர் கையெழுத்திட்டார். சுவரின் நிலை, மின்விசிறிகள், மீட்டர் அளவு அனைத்தையும் அதில் சேர்த்தோம். தரகர் அந்த வேலைக்கு உடன் வரவில்லை.

தண்ணீரையும் மீட்டரையும் பார்க்கும் அதே கண்ணோடு ஒப்பந்தத்தையும் பார்த்துக் கொடுப்பாரானால், அவர் முழு மாத வாடகையைக் கமிஷனாகக் கேட்டாலும் தயங்காமல் கொடுக்கலாம்.