ஸ்கின் ஸ்கீ வாங்கலாமா? ஈவோ நிஸ்கனென் ரசிகரின் மதிப்புரை

ஃபின்லாந்துக்கு வந்து முதல் குளிர்காலத்தில் கிராஸ்-கன்ட்ரி ஸ்கீயிங் (பனித் தடங்களில் நெடுந்தூரம் வழுக்கிப் போவது) பழகலாம் என்று நினைக்கிறவர்கள் எந்த ஸ்கீ, அதாவது காலில் மாட்டும் நீளமான வழுக்குப் பலகை, வாங்குவது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என் பதில் இதுதான்: கிளாசிக் முறைக்கான ஸ்கின் ஸ்கீ வாங்குங்கள், தாராளமாக வாங்குங்கள், ஆனால் உங்கள் உடல் எடைக்குச் சரியான ஜோடி கைக்கு வரும்வரை கடையை விட்டுக் கிளம்பாதீர்கள். பிராண்டைப் பற்றி நான் பேசப்போவதில்லை, ஏனென்றால் பெரிய கம்பெனிகள் எல்லாமே இப்போது ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இதைச் செய்கின்றன, ஒரே பிராண்டில் ஒரே நீளத்தில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு ஜோடிகளுக்குள் இருக்கும் வித்தியாசமே சில சமயம் இரண்டு பிராண்டுகளுக்கு நடுவே இருப்பதைவிடப் பெரிதாக இருக்கிறது.

முதலில் இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். கிளாசிக் முறையில் பனியில் வெட்டிய இரண்டு இணையான தடங்களுக்குள் கால்களை முன்னும் பின்னுமாக வீசிப் போகிறோம். ஸ்கீ ஒரே நேரத்தில் இரண்டு எதிரெதிரான வேலைகளைச் செய்ய வேண்டும்: முன்னால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், காலை உதைக்கும்போது பின்னால் வழுக்காமல் பிடித்து நிற்க வேண்டும். அதற்காகத்தான் ஸ்கீயை நடுவில் வில் மாதிரி வளைத்துச் செய்கிறார்கள். இரண்டு காலிலும் எடையைப் பகிர்ந்து வழுக்கும்போது நடுப்பகுதி பனியில் அழுந்தாது, ஒரே காலில் முழு எடையையும் போட்டு உதைத்தால் அந்த வளைவு தட்டையாகி நடுப்பகுதி பனியைப் பிடிக்கும். பழைய முறையில் அந்த நடுப்பகுதியில் பிடிப்பு மெழுகு தேய்ப்பார்கள், வெப்பநிலை மாறினால் மெழுகும் மாற வேண்டும், பூஜ்யம் டிகிரியை ஒட்டி வந்துவிட்டால் அனுபவசாலிகளே திணறுவார்கள். ஸ்கின் ஸ்கீயில் மெழுகுக்குப் பதிலாக மோஹேர், அதாவது அங்கோரா ஆட்டு ரோமத்தில் செய்த பட்டை ஒட்டியிருக்கும். ரோமம் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். பூனையின் முதுகைத் தலையிலிருந்து வால் பக்கம் தடவினால் கை வழுக்கிக்கொண்டு போகிறது, எதிர்த்துத் தடவினால் தடுக்கிறது இல்லையா, அதேதான்.

நான் ஸ்கேட்டிங் முறை ஸ்கீயை (தடத்துக்கு வெளியே கால்களைப் பக்கவாட்டில் தள்ளிப் போவது, போட்டிகளில் இதைத்தான் ஃப்ரீ முறை என்பார்கள்) விட்டுவிட்டு கிளாசிக்கை எடுத்ததற்குக் காரணம் ஃபின்லாந்து வீரர் ஈவோ நிஸ்கனென். 1992 ஜனவரியில் ஔலுவில் பிறந்தவர். அவருடைய பெரிய வெற்றிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் சமி யௌஹோயார்வியோடு சேர்ந்து டீம் ஸ்பிரிண்ட் (இருவர் மாறி மாறி ஓடும் குறுகிய தூரப் போட்டி) தங்கம், அது கிளாசிக். 2017 லாஹ்தி உலக சாம்பியன்ஷிப்பில் சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால் 15 கிலோமீட்டர் தங்கம், அதுவும் கிளாசிக். 2018 பியாங்சாங்கில் 50 கிலோமீட்டர், 2022 பெய்ஜிங்கில் 15 கிலோமீட்டர், இரண்டுமே தங்கம், இரண்டுமே கிளாசிக். ஃப்ரீ முறையில் அவரை ஜெயிக்கக்கூடியவர்கள் பலர் இருந்தார்கள். தடத்துக்குள் காலை வைத்துவிட்டால் அந்தக் கணக்கே மாறிவிடும். அவர் ஏற்றத்தில் போவதைப் பார்த்தால் உடம்பு கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாத மாதிரி இருக்கும், ஒவ்வொரு உதையும் முழுசாகப் பிடித்து, பிடித்த கையோடு விட்டுவிடும், வீணாகப் போகும் அசைவு ஒன்றுகூட இருக்காது. எனக்கு அந்த நிதானம் வேண்டியிருந்தது.

சோச்சி வெற்றியில் ஒரு சங்கடம் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. கடைசி நேரத்தில் ஜெர்மனியின் டிம் ஷார்ன்கே யௌஹோயார்விக்குப் பக்கத்தில் விழுந்தார், ஜெர்மனி முறையீடு செய்தது, நடுவர்கள் நிராகரித்தார்கள். 2017 லாஹ்தியில் இதற்கு நேர்மாறாக நடந்தது, டீம் ஸ்பிரிண்ட் இறுதியில் நார்வேயின் எமில் இவெர்சனும் நிஸ்கனெனும் ஒன்றாகச் சரிந்தார்கள், ஃபின்லாந்துக்கு வெண்கலம்தான் கிடைத்தது. கூட்டத்தோடு முட்டிமோதி ஓடும் போட்டிகளில் இதெல்லாம் நடக்கத்தான் செய்யும். அதனால்தான் தனித்தனியாகக் கிளம்பி நேரத்தை மட்டும் எதிர்த்து ஓடும் 15 கிலோமீட்டரில் அவர் ஜெயித்த பதக்கங்களை நான் இன்னும் அதிகமாக மதிக்கிறேன்.

சரி, ஸ்கீக்கு வருவோம். ஹெல்சின்கியில் பலோஹெய்னா, எஸ்போவில் ஓய்த்தா, அப்புறம் லாஹ்தியில் சல்பவுஸ்ஸெல்கா பக்கத்துக் காட்டுத் தடங்கள், இந்த மூன்றிலும் என் ஸ்கீயை நன்றாகவே ஓட்டியிருக்கிறேன். பூஜ்யத்தை ஒட்டிய ஈரப் பனியில் இது அருமை. மெழுகு போட்டவர்கள் தடத்தின் ஓரத்தில் நின்று ஸ்கீக்கு அடியில் கட்டிக்கொண்ட பனியைச் சுரண்டிக்கொண்டிருக்கும்போது நீங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கலாம். மைனஸ் ஐந்து, மைனஸ் எட்டு டிகிரியிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. மைனஸ் பதினைந்துக்குக் கீழே போய், அதுவும் புதிதாக விழுந்த வறண்ட பனியாக இருந்தால், ரோமம் இழுக்கிறது, மெதுவாக ஒரு உரசல் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், இறக்கத்தில் நல்ல மெழுகு ஸ்கீ வைத்திருப்பவர் உங்களைத் தாண்டிப் போய்விடுவார். பகலில் உருகி இரவில் உறைந்து கண்ணாடி மாதிரி ஆன தடத்தில் ரோமத்துக்குப் பிடிமானம் குறைவு. அந்த நாளில் செங்குத்தான ஏற்றங்களில் தடத்தை விட்டு வெளியே வந்து ஸ்கீயின் முனைகளை V மாதிரி விரித்து ஏறுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, உலகக் கோப்பைக்காரர்களும் அப்படித்தான் ஏறுகிறார்கள்.

இந்த இடத்தில் 2018 பிப்ரவரி 24ஐப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஸ்கீயின் அடிப்பகுதி எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. பியாங்சாங் ஒலிம்பிக்கின் கடைசிக்கு முந்தின நாள், ஃபின்லாந்துக்கு அதுவரை ஒரு தங்கம்கூட இல்லை. 50 கிலோமீட்டர், எல்லோரும் ஒன்றாகக் கிளம்பும் போட்டி. முடிவுக்கு வெகு தூரம் இருக்கும்போதே நிஸ்கனென் கூட்டத்தை உடைத்துக்கொண்டு முன்னால் போனார், கஜகஸ்தானின் அலெக்ஸெய் பொல்தரானின் கூடவே ஒட்டிக்கொண்டார், பிறகு பொல்தரானின் களைத்துப் பின்தங்கினார். பின்னாலிருந்து ரஷ்ய வீரர் அலெக்சாந்தர் போல்ஷுனோவ் துரத்தி வந்து பிடித்துவிட்டார், வயது அப்போது இருபத்தொன்றுதான். இந்த மாதிரி நீண்ட போட்டிகளில் வழியில் ஸ்கீயை மாற்றிக்கொள்ள ஓரமாக இடம் இருக்கும். அங்கே நின்றால் சில விநாடிகள் போய்விடும், ஆனால் மெழுகு தேய்ந்துபோன ஸ்கீக்குப் பதில் புது ஸ்கீ கிடைக்கும். முடிவு நெருங்கும் நேரத்தில் நிஸ்கனென் நின்று மாற்றினார், போல்ஷுனோவ் நிற்காமல் போனார். அந்த இடைவெளியை எட்டிப்பிடிக்கும்போது நிஸ்கனெனின் ஸ்கீ வழுக்குவதையும் போல்ஷுனோவின் ஸ்கீ வழுக்குவதையும் பாருங்கள். பதற்றமே இல்லாமல் வந்து சேர்ந்தார், ஏற்றத்தில் தாண்டினார், 2 மணி 8 நிமிடம் 22.1 விநாடியில், 18.7 விநாடி வித்தியாசத்தில் முடித்தார். அந்த ஒலிம்பிக்கில் ஃபின்லாந்துக்குக் கிடைத்த ஒரே தங்கம் அது. நிற்கலாமா வேண்டாமா என்று அந்த வேகத்தில், அந்தக் களைப்பில் முடிவெடுக்க எவ்வளவு தன்னம்பிக்கை வேண்டும் என்று யோசித்துப் பார்க்கிறேன், எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

போட்டிக்காரர்கள் பெரும்பாலும் ஏன் ஸ்கின் ஸ்கீயை விட்டு மெழுகையே நாடுகிறார்கள் என்பதற்கும் பதில் அதில்தான் இருக்கிறது. அவர்களுக்குப் பின்னால் ஒரு படையே வேலை செய்கிறது, ஒவ்வொரு போட்டிக்கும் பல ஜோடிகளைத் தயார் செய்து ஓட்டிப் பார்க்கிறார்கள், அன்றைய பனிக்கு என்ன மெழுகு என்று காலையிலேயே சோதிக்கிறார்கள், பூஜ்யம் டிகிரியில் புதுப் பனி என்றால் மெழுகே இல்லாமல் அடிப்பகுதியைச் சொரசொரப்பாக்கிய ஸ்கீகூட எடுப்பார்கள். ஃப்ளோரின் கலந்த மெழுகுகளுக்கு 2023-24 சீசனிலிருந்து தடை வந்த பிறகு இந்த வேலை இன்னும் நுணுக்கமாகிவிட்டது. வேலை முடிந்து சாயங்காலம் விளக்கு வெளிச்சத்தில் ஒரு சுற்று போகிற நமக்கு அந்தப் படை கிடையாது. நமக்கு ரோமப் பட்டைதான் அந்தப் படை.

ஆனால் பட்டை இருக்கிறது என்பதால் பிடிப்பு தானாக வந்துவிடாது. நிறையப் பேர் இங்கேதான் ஏமாந்து ஸ்கீயைக் குறை சொல்கிறார்கள். எடையை முழுசாக ஒரு காலுக்கு மாற்றாமல் நடுவிலேயே வைத்துக்கொண்டு உதைத்தால் எந்த ஸ்கீயும் பின்னால் வழுக்கும். 2022 பிப்ரவரி 11 அன்று, பெய்ஜிங் ஒலிம்பிக்கின் ஸ்கீ போட்டிகள் நடந்த ஜாங்ஜியாக்கோவில் நிஸ்கனென் 15 கிலோமீட்டரை 37 நிமிடம் 54.8 விநாடியில் முடித்த ஓட்டத்தை முடிந்தால் தேடிப் பாருங்கள், கால்களை மட்டும் பாருங்கள். இரண்டாவது வந்த போல்ஷுனோவ் 23.2 விநாடி பின்னால், ஸ்பிரிண்ட் ராஜாவான நார்வேயின் க்ளேபோ மூன்றாவது. உதைக்கும் கணத்தில் இடுப்பு முன்னால் இருக்கிறது, எடை முழுக்க அந்த ஒரு கால் மேல் இறங்குகிறது, அவ்வளவுதான் ரகசியம். எனக்குக் கற்றுக்கொடுத்த யாரும் இதைவிடத் தெளிவாகச் சொல்லவில்லை.

அதற்கு முந்தின நாள்தான் அவருடைய அக்கா கெர்த்து நிஸ்கனென் 10 கிலோமீட்டர் கிளாசிக்கில் நார்வேயின் தெரேசே யோஹாவ்கிடம் 0.4 விநாடியில் தங்கத்தை விட்டிருந்தார். ஃபின்லாந்துக்காரர்களுக்கு இந்த மாதிரி வலி புதிதில்லை, 1980 லேக் ப்ளாசிடில் யுஹா மியெத்தோ 15 கிலோமீட்டரில் நூறில் ஒரு விநாடி வித்தியாசத்தில் தோற்றார், அதற்குப் பிறகு இந்த விளையாட்டின் நீண்ட தூரப் போட்டிகளில் நேரத்தைப் பத்தில் ஒரு விநாடிவரைதான் கணக்கிடுகிறார்கள். ஈவோ அந்த 15 கிலோமீட்டரை ஜெயித்த பிறகு செய்ததும் நினைவில் நிற்கிறது: உடனே போய்விடாமல், கடைசியாக வந்த கொலம்பிய வீரர் கார்லோஸ் அந்த்ரேஸ் கின்தானா எல்லையைத் தொடும்வரை காத்திருந்து அவரை வரவேற்றார். ஒலிம்பிக் சாம்பியன் குளிரில் நின்று கடைசி ஆளுக்காகக் காத்திருக்கிறார். ஒரு விளையாட்டு வீரரிடம் இதைவிட வேறு என்ன எதிர்பார்ப்பது?

வாங்கும்போது என்ன செய்ய வேண்டும்? உயரத்தை மட்டும் கேட்டு ஸ்கீ எடுத்துக் கொடுக்கும் கடையில் வாங்காதீர்கள். எடையைக் கேட்க வேண்டும், சமதளத்தில் ஸ்கீ மேல் நிற்க வைத்துச் சோதிக்க வேண்டும். சோதனை எளிது: இரண்டு ஸ்கீயிலும் சமமாக நின்றால் பாதத்துக்குக் கீழே ஒரு தாள் முன்னும் பின்னும் தாராளமாக நகர வேண்டும், ஒரே காலில் முழு எடையும் போட்டால் அதே தாள் அசையாமல் சிக்கிக்கொள்ள வேண்டும். ரொம்ப விறைப்பான ஸ்கீ என்றால் ரோமம் பனியைத் தொடவே தொடாது, ஏற்றத்தில் அழுகை வரும். ரொம்ப மென்மையானது என்றால் ரோமம் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும், இறக்கத்திலும் தள்ளிக்கொண்டே போக வேண்டியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் சந்தேகம் வந்தால் ஆரம்பத்தில் கொஞ்சம் மென்மையானதையே எடுங்கள். பைண்டிங்கோடு (ஷூவை ஸ்கீயில் மாட்டும் பிடிப்பு) சேர்த்து எனக்கு 300 யூரோவுக்குக் கொஞ்சம் மேலே ஆனது, அந்தப் பணத்துக்கு முழுத் திருப்தி. பைண்டிங் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடியதாக இருந்தால் கூடுதல் லாபம், முன்னால் தள்ளினால் பிடிப்பு கூடும், பின்னால் தள்ளினால் வழுக்கல் கூடும்.

பராமரிப்பு அதிகமில்லை, ஆனால் சுத்தமாக இல்லை என்று நம்பிவிடாதீர்கள். முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும் அவ்வப்போது வழுக்கு மெழுகு வேண்டும், அந்த மெழுகு ரோமத்தில் படக்கூடாது. ரோமத்துக்கென்று தனியாகச் சுத்தம் செய்யும் திரவமும் பனி கட்டாமல் இருக்கத் தெளிக்கும் மருந்தும் விற்கிறார்கள், இரண்டையும் வாங்கி வையுங்கள். ஓட்டி முடித்ததும் ஈரத்தோடு பைக்குள் திணிக்காமல் காய விடுங்கள். பட்டை தேய்ந்தால் பல மாடல்களில் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், வாங்கும்முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

இது யாருக்கு வேண்டாம்? பந்தயத்தில் நேரம் குறைப்பதே நோக்கம் என்பவர்களுக்கு, வடக்கே கடுங்குளிரிலேயே பெரும்பாலும் ஓட்டுபவர்களுக்கு, மெழுகு தேய்ப்பதையே ஒரு சுகமாக நினைப்பவர்களுக்கு (அப்படிப்பட்டவர்கள் இங்கே நிறைய உண்டு, அவர்களோடு பேசிப் பாருங்கள், பனியைப் பற்றி எவ்வளவோ தெரிந்துகொள்ளலாம்).

கம்பைப் பற்றி ஒரு வார்த்தை. கிளாசிக் கம்பு தோளுக்குக் கொஞ்சம் கீழே நிற்க வேண்டும், போட்டி விதிப்படியே உடல் உயரத்தில் 83 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, ஏனென்றால் நீளமான கம்பை வைத்துக்கொண்டு கையாலேயே தள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள், காலுக்கு வேலை இல்லாமல் போய்விடுகிறது. பயன்படுத்திய ஸ்கீ வாங்குபவர்கள் ஸ்கீயின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் எடைக் குறிப்பைப் படித்துப் பாருங்கள், அது அழிந்துபோயிருந்தால் தாள் சோதனை செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள், விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.