பிஸ்டல் பெல்லட்டா, ரைபிள் பெல்லட்டா?

காட்பாடியில் என் மகளோடு துப்பாக்கி சுடும் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோர் அடிக்கடி கேட்பது இது: 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கும் ஏர் ரைபிளுக்கும் ஒரே பெல்லட் (காற்றழுத்தத் துப்பாக்கியில் போடும் சின்னக் குண்டு) போதாதா?

இரண்டும் 4.5 மி.மீ. என்பதால் எதில் போட்டாலும் நுழையும். இரண்டுக்கும் தட்டைத் தலைதான். இலக்கு அட்டையில் ஓட்டை சுத்தமாக விழும். வித்தியாசம் எடையில் இருக்கிறது. பிஸ்டலுக்கானது 0.49 கிராம் அல்லது அதைவிடக் கொஞ்சம் குறைவு, ரைபிளுக்கானது பெரும்பாலும் 0.53. லாங் பஜாரில் தெரிந்த நகைக்கடைத் தராசில் பத்துப் பத்தாக வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் அரை கிராம்கூட வரவில்லை.

ஆனாலும் அது முக்கியம். பிஸ்டலின் குழல் குட்டை, தள்ளும் பலமும் குறைவு. லேசான குண்டு என்றால் கை அசைவதற்குள் குழலை விட்டுப் போய்விடும்.

ரைபிளில்தான் உண்மையான தேர்வு வேலை. அதன் இலக்கில் பத்து மதிப்பெண் தரும் நடுப்பகுதி 0.5 மி.மீ. புள்ளி, பிஸ்டலில் 11.5 மி.மீ. வட்டம். அதனால் ரைபிளுக்குக் குண்டின் தலை விட்டத்தையும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். துப்பாக்கியை அசையாமல் பொருத்தி, ஒவ்வொரு அளவிலும் பத்துக் குண்டு சுடுங்கள். மகளின் ரைபிளில் 4.50 மி.மீ. தலை சிதறியது, 4.49 ஏறக்குறைய ஒரே ஓட்டையாக விழுந்தது. இன்னொரு ரைபிளில் இது மாறலாம்.

பிஸ்டல் பழகும் பிள்ளைக்கு ரைபிள் டப்பாதான் கையில் இருக்கிறதா? சரி, பயிற்சிக்கு அதுவே போதும். குண்டு சற்றுக் கீழே விழும், குறியைத் திருத்திக்கொள்ளுங்கள். பெரும்பாலான டப்பாக்களில் உள்ளே இருப்பது ஈயம். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறக்க விடாதீர்கள்.